எல் கசதோர் கப்பலின் 8 ரியால் வெள்ளி நாணயம்: வாங்கலாமா?

கடலில் மூழ்கிய எல் கசதோர் கப்பலிலிருந்து எடுத்த 8 ரியால் நாணயம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 1783இல் மெக்சிகோ நாணயச்சாலையில் அச்சானது. கதைக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஸ்பானிய டாலர் என்றும் அழைக்கப்படும் இந்த 8 ரியால் நாணயம் ஏன் உலகம் முழுக்கச் செல்லுபடியானது என்பதைக் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இது ஏற்றதல்ல.

கதை உண்மையிலேயே பெரியது. அப்போது ஸ்பெயின் வசமிருந்த லூசியானாவில் காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்து கிடந்தது. அதைச் சரிக்கட்ட வெள்ளியை ஏற்றிக்கொண்டு 1784 ஜனவரியில் மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்திலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பிய கப்பல் போய்ச் சேரவே இல்லை. 1993இல் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் நாணயங்கள் சிக்கிய பிறகுதான் மூழ்கிய இடமே தெரிந்தது. இந்தக் கப்பல் மூழ்கியதால்தான் ஸ்பெயின் லூசியானாவை இழந்தது என்று கூடவே வந்த சான்றிதழ் அடித்துச் சொல்கிறது. அது விற்பனைப் பேச்சு. ஸ்பெயின் அதை பிரான்சுக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது 1800இல்தான், அத்தனை பழியையும் ஒரே கப்பலின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சரி, நாணயத்துக்கு வருவோம். மூன்றாம் கார்லோஸ் மன்னரின் மூக்கும் தலையிலுள்ள இலைமாலையும் தெளிவாக இருக்கின்றன, பின்பக்கத்துத் தூண்களில் ஒன்று பாதி கரைந்துவிட்டது. பெட்டியைத் திறந்து தராசில் வைத்தால் 24 கிராம் சொச்சம். புதிதில் இது 27 கிராம், அதில் சுமார் 90 சதவீதம் வெள்ளி. அந்த எடைதானே விஷயமே! சீன வியாபாரிகளுக்கு மன்னர் யாராக இருந்தால் என்ன, எடையையும் வெள்ளியின் தரத்தையும் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டார்கள். 1792இல் அமெரிக்கா தன் டாலருக்கு அளவாக எடுத்துக்கொண்டதும் இதைத்தான், 1857 வரை அங்கே சட்டப்படி செல்லும் பணமாகவும் இருந்தது. விளிம்பில் வட்டமும் கட்டமும் மாறி மாறி வரும் வேலைப்பாடு உண்டு, யாராவது ஓரத்தைச் சுரண்டி வெள்ளி எடுத்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். என் நாணயத்தில் உப்புநீர் தின்றது போக ஒரு விரலகலம்தான் மிச்சம், அதையும் அவர்கள் கொடுத்த பெட்டி மறைத்துவிடுகிறது. எனக்குப் பெரிய குறை இதுதான்.

எடையும் விளிம்பும் முக்கியம் என்றால், கடலுக்குப் போகாமல் கைமாறித் தேய்ந்த, சீன முத்திரை விழுந்த நாணயமாகப் பாருங்கள். அதில் போலிகள் அதிகம், அதனால் எடையையும் விளிம்பின் படத்தையும் கேட்டு வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.