லிபரல் பேச்சு வானொலி: ஏர் அமெரிக்கா ஏன் மூழ்கியது, எட் ஷுல்ட்ஸ் எப்படிக் கரையேறினார்?

வலதுசாரிப் பேச்சு வானொலியின் நட்சத்திரம் ரஷ் லிம்பாவுக்குப் பதில் சொல்ல அமெரிக்க லிபரல்கள், அதாவது இடதுசாரிச் சாய்வுள்ளவர்கள், 2004இல் இரண்டு வழிகளில் இறங்கினார்கள். ஒன்று, மார்ச் 31 அன்று நியூயார்க்கில் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கிய ஏர் அமெரிக்கா என்ற வானொலி நெட்வொர்க். மற்றொன்று, அதே ஆண்டு ஜனவரியில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரிலிருந்து சத்தமில்லாமல் கிளம்பிய எட் ஷுல்ட்ஸ் நிகழ்ச்சி. பேசிய அரசியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொழில் செய்த விதம் முற்றிலும் வேறு.

முதலில் எதிராளியைப் புரிந்துகொள்ள வேண்டும். லிம்பா அரசியலுக்கு வருமுன் பாட்டு போட்டுக்கொண்டிருந்த டிஜே. குரலை எங்கே நிறுத்தவேண்டும், விளம்பர இடைவேளைக்கு முன் எதைத் தொங்கலில் விடவேண்டும் என்பதெல்லாம் அங்கே கற்றது. ஒலிபரப்பில் இரு தரப்புக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற அரசு விதி 1987இல் போனது. 1988இல் அவர் நாடு முழுக்க ஒலித்தார். வியாபாரம் பண்டமாற்று மாதிரி: தொடக்கத்தில் நிலையங்களுக்கு நிகழ்ச்சி இலவசம், பதிலுக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் சில விளம்பர நிமிடங்கள் அவர் நிறுவனத்துக்கு. சின்ன ஊர் ஏஎம் நிலையத்துக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது.

ஏர் அமெரிக்கா இதைத் தலைகீழாகச் செய்தது. ஒரு நல்ல நிகழ்ச்சியை ஊர் ஊராக விற்பதை விட்டுவிட்டு, நாள் முழுக்க நிரப்பும் ஒரு நெட்வொர்க்கையே கட்டியது. சில நிலையங்களில் நேரத்தைக் காசு கொடுத்து வாங்கியது. பணத் தகராறில் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இரண்டே வாரத்தில் ஒலிபரப்பு நின்றுபோனது. 2006இல் திவால் மனு, 2010 ஜனவரியில் மூடுவிழா. வருமானம் வருவதற்கு முன்பே செலவு ஓடிவிட்டது. விளம்பரதாரர்களும் அரசியல் நிகழ்ச்சி என்றால் ஒதுங்கினார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அந்தத் தயக்கம் ஷுல்ட்ஸுக்கும் இருந்ததே.

ஷுல்ட்ஸ் கல்லூரி நாட்களில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், பிறகு விளையாட்டு வர்ணனையாளர். வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போய்வந்தவர். முன்பு வலதுசாரியாகப் பேசியவர். வீடற்றோர் விடுதியில் நர்ஸாக வேலை பார்த்த பெண், பின்னாளில் அவர் மனைவியானவர், ஒருநாள் மதியம் சாப்பிட அவரை சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பின் உணவுக்கூடத்துக்கு வரச் சொன்னார். எந்த ஏழைகளை மைக்கில் திட்டிக்கொண்டிருந்தாரோ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் மாறத் தொடங்கியது அதற்கப்புறம்தான். கொள்கை விளக்கம் மட்டும் சொல்லும் ஆளிடம் இந்த மாதிரிக் கதை இருக்காது. விவசாயியும் லாரி டிரைவரும் போன் பண்ணினால் அவர்கள் மொழியிலேயே பேசுவார். விரல்விட்டு எண்ணும் அளவு நிலையங்களில் ஆரம்பித்து நூறைத் தாண்டினார். கட்டடமோ நெட்வொர்க்கோ தேவைப்படவில்லை. ஒரு மைக், ஒரு விநியோக நிறுவனம், அவ்வளவுதான்.

அதே விநியோக நிறுவனத்தின் ஸ்டெஃபனி மில்லரை நான் இன்னும் மேலாகவே வைப்பேன். அவர் அப்பா 1964இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். மகள் மேடை நகைச்சுவைக்காரி. காலை நிகழ்ச்சியில் பக்கத்தில் ஜிம் வார்ட் என்ற குரல் கலைஞர், அரசியல்வாதிகளின் குரலில் வந்து இடையில் புகுந்துகொண்டே இருப்பார். செய்தியே தெரியாதவரும் சிரித்துவிடுவார்; சிரித்தவர் அடுத்த இடைவேளை வரை இருப்பார். வானொலியில் காசு என்பது அந்த 'இருப்பது'தான்.

ஏர் அமெரிக்காவில் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே இருந்தது. ரேண்டி ரோட்ஸ் புளோரிடாவில் உள்ளூர் வானொலியில் பழுத்தவர், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். ரேச்சல் மேடோ அங்கிருந்துதான் தொலைக்காட்சிக்குப் போனார். முன்னணி நட்சத்திரமான அல் ஃப்ராங்கன் அறிவாளி, நகைச்சுவை எழுத்தாளர். ஆனால் நேரலையில் மூன்று மணி நேரம் நேயரைக் கட்டிப்போடுவது தனிக் கலை. 2007இல் செனட் தேர்தலுக்காக அவர் விலகினார்.

உள்ளூர் நிலையத்தின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்ட்லாந்தின் கேபிஓஜே 2004இல் லிபரல் பேச்சுக்கு மாறி, அந்த ஊர்க்காரர்களின் சொந்த நிலையம்போல ஆனது. 2012 நவம்பரில் உரிமையாளர் நிறுவனம் அதை விளையாட்டு நிலையமாக்கியது. உரிமை உன் கையில் இல்லையென்றால் நேயர் பாசம் மட்டும் காப்பாற்றாது. என்னை மிகவும் வருத்திய முடிவு இதுதான்.

ஏர் அமெரிக்காவின் மிகப் பெரிய வெற்றி அதன் கணக்கில் வரவே இல்லை. அங்கே வேலை போன நகைச்சுவைக் கலைஞர் மார்க் மாரன், 2009இல் தயாரிப்பாளரோடு இரவில் அந்த அலுவலகத்துக்குள் போனார், அவர்களிடம் நுழைவு அட்டை இன்னும் இருந்தது. அதே ஸ்டூடியோவில் தன் பாட்காஸ்டின் முதல் பகுதிகளைப் பதிவு செய்தார். 2015 ஜூனில் அதே நிகழ்ச்சியில் பேச, லாஸ் ஏஞ்சலஸில் அவர் வீட்டு கார் ஷெட்டுக்கு ஒபாமா வந்து உட்கார்ந்தார்.