பத்மநாபபுரம் கொட்டாரம்: எப்போது போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில் இறங்கினால், திருவிதாங்கூர் மன்னர்களின் இந்தப் பழைய அரண்மனை 2 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், ஆட்டோ கிடைக்கும். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கள் விடுமுறை. மதியம் 1 முதல் 2 வரை மூடிவிடுவார்கள். பதினொன்றரைக்கு மேல் நுழைந்தால் கடைசிக் கட்டடங்களை ஓட்டமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். காலை 9 மணிக்கே போய்விடுவது நல்லது.

செருப்பைக் கழற்றச் சொல்வது வெறும் மரியாதைக்காக அல்ல. அந்தக் கறுப்புத் தரை சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது. மணல் ஒட்டிய செருப்பு பட்டால் கீறல் விழும். பிறகு அதே பளபளப்பை மீட்பது லேசான காரியமில்லை. மரப்படிகள் செங்குத்து, வாசல் நிலைகள் தாழ்வு. உயரமானவர்களுக்குத் தலையில் இடி நிச்சயம். மூட்டுவலிக்காரர்கள் மாடிகளை விட்டுவிட்டு ஊட்டுப்புரை என்ற உணவுக்கூடத்தின் கீழ்த்தளம், கல்லாலான நவராத்திரி மண்டபம் ஆகியவற்றில் நேரம் செலவிடலாம்.

உப்பரிகை மாளிகையின் மூலிகை மரக் கட்டிலைச் சுற்றித்தான் கூட்டம் நெரியும். நம் ஓட்டு மாடியில் இருக்கும் மந்திரசாலைக்கே, அதாவது மன்னரின் ஆலோசனைக் கூடத்துக்கே: சாய்ந்த மரச் சட்டங்களின் வழியே வெளிச்சம் வடிந்து வரும், மே மாதத்திலும் உள்ளே குளிர்ச்சி.

அரண்மனை வளாகக் கோயிலில் இருக்கும் தேவாரக்கட்டு சரஸ்வதி, கம்பர் வழிபட்ட சிலை என்பது மரபு. நவராத்திரிக்கு அந்த அம்மன் திருவனந்தபுரம் புறப்படும் நாளில் கூட்டம் அலைமோதும். அரண்மனையை நிதானமாகப் பார்க்க அன்று போகாதீர்கள்.