ஒலி தாமதமாக வருகிறது என்று ரிப்பேர் ஆளைக் கூப்பிடும் முன்

ஒலியைப் பதியவும் வெட்டி ஒட்டவும் நான் பயன்படுத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறேன். திரையில் கோடு நகர ஆரம்பித்துவிடுகிறது, ஒலி மட்டும் ஒரு கணம் பிந்தித்தான் காதுக்கு வருகிறது. வெட்ட வேண்டிய இடத்தைக் காதால் பிடித்து நிறுத்தினால், கோடு அதைத் தாண்டிப் போய் நிற்கிறது. பதிந்த குரலைக் கேட்டுக்கொண்டே இன்னொரு குரல் பதிந்தாலோ, முன்னவர் பேசி முடித்த பிறகு பின்னவர் ஆமாம் போடுவதுபோல இருக்கிறது. குரல் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். ஒப்படைக்க இரண்டு நாள்தான் பாக்கி.

பதற்றத்தில் இணையத்தில் தேடினேன். முதலில் வந்தது ஒரு சேவைப் பக்கம், 'ஒலிப் பிரச்சினைகளுக்கு உடனடித் தீர்வு' என்று. அது விளம்பரம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். எண்ணை அழைத்தேன். "ரெண்டு நிமிஷ வேலை சார், கணினியை மட்டும் காட்டுங்க" என்றார் ஒருவர், ரொம்பப் பணிவாக. தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொன்னார். நிறுவினேன். இந்த இடத்தில் என்னைத் திட்டிக்கொள்ளலாம், நானே திட்டிக்கொண்டாகிவிட்டது.

முதலில் அவர் திறந்தது ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தன் நிகழ்வுகளையும் பிழைகளையும் குறித்துவைக்கும் பதிவேடு. அதில் சிவப்புக் குறிகளாக வரிசை கட்டி நின்றன. "பாருங்க சார், உங்க டிரைவர் எல்லாம் கெட்டுப்போச்சு." கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர், அது கெட்டது என்றதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நல்ல நிலையில் உள்ள எந்த விண்டோஸ் கணினியில் அதைத் திறந்தாலும் அப்படிப் பல பிழைகள் இருக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. ஆண்டுச் சந்தா கட்டினேன். அவர் ஏதேதோ நீக்கினார், எதையோ நிறுவினார், ஆடாசிட்டியின் ஒலி அமைப்புகளுக்குள்ளும் போய் எண்களை மாற்றினார். அதில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, "இங்க மைனஸ்ல இருக்கு பாருங்க, இதுதான் தப்பு" என்று பூஜ்யமாக்கினார். அந்த மைனஸைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் தாமதம் அப்படியே இருந்தது, இரண்டாம் குரல் முன்பைவிடத் தள்ளி விழுந்தது. மறுபடி அழைத்தேன். சவுண்ட் கார்டு பலவீனம், அதற்கு 'பூஸ்டர்' தொகுப்பு வேண்டும் என்றார்கள். அதற்கும் கட்டினேன். மூன்றாவது அழைப்பில் மெமரி மாற்ற வேண்டும் என்றபோதுதான் புத்தி வந்தது.

இத்தனை நேரத்தில் அவர்களில் ஒருவர்கூட, "எதில் சார் கேட்கிறீங்க?" என்று கேட்கவில்லை.

அதைக் கேட்டது என் ஹெட்போனின் பேட்டரிதான். அன்று இரவு வேலைக்கு நடுவே அது தீர்ந்துபோனது. அலமாரி இழுப்பறையில் சிக்குப்பிடித்துக் கிடந்த பழைய ஒயர் ஹெட்போனை எடுத்து, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸிலேயே செருகினேன். ஆடாசிட்டியில் பிளேபேக் சாதனத்தை அதற்கு மாற்றி ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். கோடும் ஒலியும் ஒன்றாகக் கிளம்பின. நிறுத்தினேன், தட்டினேன், நிறுத்தினேன், தட்டினேன். பத்துத் தடவையாவது இருக்கும்.

புளூடூத். அவ்வளவுதான் விஷயம். ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, அந்தப் பக்கம் சேர்த்துவைத்து விரிப்பதற்குள் 150, 200 மில்லி செகண்ட் போவது சர்வசாதாரணம். படம் பார்க்கும்போது தெரியவில்லையே என்று கேட்பீர்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பல வீடியோ பிளேயர்கள் ஒலி பிந்தும் அளவுக்குப் படத்தையும் பிந்தவைத்துச் சமாளித்துவிடுகின்றன. எடிட்டிங் மென்பொருளில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருந்தால் முதல் நாளே அவரை மடக்கியிருப்பேன். கணினி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம்தான் பஃபர்; அதன் அளவை, ஒரு நொடி ஒலியில் எத்தனை சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்று சொல்லும் சாம்பிள் ரேட்டால் வகுத்தால் அது உண்டாக்கும் தாமதம் கிடைத்துவிடும். 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் சுமார் 5.3 மில்லி செகண்ட், 2,048 என்றால் சுமார் 42.7. பஃபரைக் குறைத்தால் தாமதம் குறையும், ரொம்பக் குறைத்தால் ஒலி கரகரக்கும். எனக்குக் கரகரப்பே இல்லை. தடுமாறும் டிரைவரோ திணறும் கணினியோ பெரும்பாலும் கரகரப்பாகவும் வெட்டுவெட்டாகவும்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அச்சடித்ததுபோல வரும் தாமதத்துக்குக் காரணத்தை, ஒலி போகும் பாதையில்தான் முதலில் தேட வேண்டும்.

பேசும்போதே நம் குரல் ஹெட்போனில் எதிரொலிபோல வருவது வேறு கதை. அது மென்பொருள் வழியாகச் சுற்றி வரும் ஒலி. ஆடாசிட்டியில் அதற்கான சாஃப்ட்வேர் பிளேத்ரூ அமைப்பை அணைத்துவிட்டு, மைக் ஒலியைக் கணினிக்குள் சுற்றவிடாமல் நேராக ஹெட்போனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டர் இன்டர்ஃபேஸில் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டால் போதும்.

சரி, அந்த மைனஸ். ஆடாசிட்டியில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில் −130 மில்லி செகண்ட் என்றிருக்கும். புதிதாகப் பதியும் ட்ராக்கை அந்த அளவு முன்னே இழுத்து, பழையதோடு பொருத்துவதற்கான எண் அது. மைனஸில்தான் இருக்க வேண்டும். பிழையைத் திருத்துகிறேன் என்று அந்த ஆள் திருத்தியது, அங்கே சரியாக இருந்த ஒன்றை. இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர்கள் கொடுத்த டிரைவரையும் நீக்கியிருந்தார். அதனுடன், ஒலி மென்பொருள்கள் தாமதம் குறைவாக இன்டர்ஃபேஸோடு பேசப் பயன்படுத்தும் ஏசியோ என்ற டிரைவர் வகையும் போயிருந்தது. ஆடாசிட்டிக்கு அது தேவைப்படவில்லை, நான் வைத்திருக்கும் இன்னொரு மென்பொருள் அது இல்லாமல் நகராது.

இதையெல்லாம்விட நடுங்கவைத்தது வேறு. அவர் நிறுவச் சொன்ன தொலை இயக்க மென்பொருள், கணினி திறக்கும்போதெல்லாம் தானே ஓடும்படியும், என் அனுமதி கேட்காமலே உள்ளே வரும்படியும் அமைக்கப்பட்டிருந்தது. இப்படி யாரையாவது உள்ளே விட்டிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வங்கிக்கு அன்றைக்கே சொல்லுங்கள். நான் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். 'பூஸ்டர்' பணம் மட்டும் திரும்பி வந்தது. சந்தாவுக்கு, சேவை வழங்கப்பட்டுவிட்டது என்று அவர்கள் பதில் கொடுத்திருந்தார்கள்.

டிரைவரைத் திரும்பப் போட்டேன். காம்பன்சேஷன் பூஜ்யத்திலேயே இருக்க, சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் ஒரு க்ளிக் ட்ராக்கை உருவாக்கி, ஹெட்போனை மைக்கின் வாயோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அதையே பதிந்தேன். இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கி, ஒரு க்ளிக்கின் தொடக்கத்திலிருந்து மற்றதன் தொடக்கம் வரை இழுத்து அளந்தால் 112 மில்லி செகண்ட். கட்டத்தில் −112 போட்டேன். அடுத்த பதிவில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்று நேராக உட்கார்ந்தன.

வேலையை ஒரு நாள் தாமதமாகத்தான் ஒப்படைத்தேன். சந்தாவில் இன்னும் ஏழு மாதம் மீதி இருக்கிறது என்று நேற்றுகூட ஒரு மெயில் வந்தது.