நுரைப் பாயா, காற்று மெத்தையா?

வெள்ளவத்தையிலிருந்து பதின்ம வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேரை மலைநாட்டு நடைப்பயணத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கூடாரத்தையும் மழையங்கியையும் பற்றி எவரும் வாதிடவில்லை. இருந்தால் சுகம், இல்லாவிட்டாலும் குடி முழுகாது என்ற வகைப் பொருள்களைப் பற்றியே பேச்செல்லாம் நிகழ்ந்தது. மடிப்புக் கதிரையை முதலிலேயே விலக்கினோம். தலையணைக்குப் பதிலாக, மாற்றுடுப்புகளைத் துணிப்பையில் திணித்துக்கொண்டால் போதும். எஞ்சியது படுக்கை. நால்வர் நுரைப் பாயையும் நால்வர் காற்று மெத்தையையும் கொண்டுவந்தனர்.

உறக்கத்தின் சுகத்தில் காற்று மெத்தையே மேல். சுருட்டினால் தண்ணீர்ப் போத்தலளவில் பைக்குள் அடங்கியும் விடும். நுரைப் பாயோ பைக்கு வெளியே தொங்கிப் புதரெல்லாம் உரசும். குளிரைப் பொறுத்தவரை விடை அத்தனை நேரானதன்று. 2,100 மீற்றரைத் தாண்டிய ஹோட்டன் சமவெளியில் தை மாத விடியலில் புல்மீது உறைபனி படிவதுண்டு. அத்தகைய தரையில், காப்புப் பொருள் வைத்துச் செய்த காற்று மெத்தை நுரைப் பாயைவிட நன்றாகச் சூட்டைக் காக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு நாம் வாங்கிக்கொடுக்கும் மலிவான மெத்தைக்குள் வெறுங்காற்றே இருப்பதால், அது உள்ளே சுழன்று உடற்சூட்டைத் தரைக்குக் கடத்திவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது, மலையில் கழித்த இரவுகளைவிட, கொழும்புக்குத் திரும்பிய பிந்திய கிழமைதான். வாயால் ஊதும்போது மூச்சின் ஈரம் மெத்தைக்குள் தங்குகிறது. நம் கடற்கரைப் புழுக்கத்தில், அடுக்குமாடி வீட்டு அலுமாரிக்குள் அதைச் சுருட்டி வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், பிடித்தபின் கழுவவும் வழியில்லை. அதற்கு அஞ்சிய ஒரு பையன், ஊதிய மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டுவிட்டான். காற்றுச் சூடேறி விரிந்ததில் உட்தடுப்புகள் பிய்ந்து, மெத்தை பலாப்பழம்போல் ஒருபுறம் புடைத்தது. இன்னொன்றில் நுண்ணிய ஓட்டை; சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு முழுவதும் கழிந்தது. நுரைப் பாய்க்கு அட்டையையும் சேற்றையும் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, விசிறிக்கடியில் நிறுத்துவதே முழுப் பராமரிப்பு. அதன் நுரையிலுள்ள நுண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது; முள் குத்தினாலும் பாய் பாயாகவே இருக்கும். பாரம் குறைய வேண்டுமானால் கால்மாட்டைக் கத்தியால் வெட்டலாம், ஒஹியாவில் ரயிலுக்குக் காத்திருக்கையில் மடித்து உட்காரலாம். அழுந்தி அழுந்தி மெலிவதுதான் அதன் குறை. எத்தனை பயணங்களில் என்று சொல்லுமளவுக்கு எங்கள் பாய்கள் இன்னும் பழையனவாகவில்லை.

தொங்கு ஊஞ்சலில் நான் ஒரே ஓர் இரவுதான் படுத்திருக்கிறேன். முதுகுப்புறம் குளிர்ந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அடுத்த பயணத்துக்குப் பிள்ளைகள் அனைவருக்கும் நுரைப் பாய் என்று முடிவாகியிருக்கிறது. ஒருக்களித்தே உறங்கும் எனக்கு இடுப்பு வலிப்பதால், காற்று மெத்தை ஒன்றை ஒட்டுத் துண்டுகளோடு நான் மட்டும் சுமக்கப்போகிறேன்.