அரட்டைச் செயலிக்குள் ஏ.ஐ.: புலனமா, சிக்னலா?

கோலாலம்பூரில் எந்தத் தமிழ் அமைப்பை எடுத்தாலும் அதன் உண்மையான அலுவலகம் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுதான். செந்தூல் தாமான் சங்கம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்கள், எல்லாருக்கும் அதுவே. நன்கொடை ரசீது, வங்கிக் கணக்கு எண், உதவி கேட்கும் குடும்பத்தின் அடையாள அட்டைப் படம், யாருக்கு டயாலிசிஸ் என்ற செய்தி, எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன. அதே திரையின் மூலையில், வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஏ.ஐ. உதவியாளரான மெட்டா ஏ.ஐ.யின் நீல வளையமும் வந்து உட்கார்ந்த பிறகு, நிர்வாகக் குழுவை எந்தச் செயலியில் நடத்துவது என்பது முடிவெடுக்க வேண்டிய விஷயமாகிவிட்டது.

எங்கள் தேர்வு சிக்னல் என்ற அரட்டைச் செயலி. ஏ.ஐ. வேண்டாம் என்பதால் அல்ல. அது அரட்டைக்குள் உட்கார வேண்டாம் என்பதால்.

பொதுவான அம்சங்களில் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டும் இலவசம். குழுவில் வாட்ஸ்அப் 1,024 பேரையும் சிக்னல் 1,000 பேரையும் ஏற்கும். செய்தியைப் பூட்டும் முறையும் ஒன்றே: சிக்னலின் நெறிமுறையைத்தான் வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் எல்லா அரட்டைக்கும் பயன்படுத்துகிறது. டெலிகிராம் இந்தப் பேச்சிலேயே வராது. அதன் குழு அரட்டைகளில் முழு மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு, கிடையாது; இரகசிய அரட்டை இருவருக்கு மட்டும்தான்.

முழு மறையாக்கத்தில் சாவி கைப்பேசியிலேயே இருக்கும். நடுவில் உள்ள சர்வர், ஒட்டிய உறையைக் கைமாற்றும் தபால்காரர் மட்டுமே. ஏ.ஐ.க்கோ உறையைப் பிரித்தால்தான் வேலை. எங்கே பிரிப்பது? கைப்பேசிக்குள் பிரித்தால் கடிதம் வெளியே போகாது. வாட்ஸ்அப் குரல் பதிவை எழுத்தாக்குவது இப்படித்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இடம் நெருக்கடி. 300 கோடி அளவுருக்கள் (உள்ளே சேமித்திருக்கும் எண்கள்) கொண்ட சிறிய ஏ.ஐ. மாதிரியை, எண்ணுக்கு 4 பிட் என்று சுருக்கினாலும் அதற்கு மட்டும் 1.5 ஜிபி நினைவகம் வேண்டும். 4 ஜிபி கைப்பேசி வைத்திருக்கும் பாட்டிக்கு அது சரிப்படாது. ஆகவே பெரிய வேலைகள் நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன.

மெட்டா ஏ.ஐ. குழுவில் நடக்கும் எல்லாவற்றையும் படிக்கிறது என்று பரவும் செய்தி தவறு. அதன் பெயரை @ போட்டு அழைத்துக் கேட்டது, அதனுடன் யாராவது பகிர்ந்தது, இவைதான் போகும். ஆனால் அப்படிப் போவது உங்களுக்கும் உறவினருக்கும் நடுவில் பூட்டிய பேச்சு அல்ல; மெட்டாவுடன் நீங்கள் நடத்தும் பேச்சு. 2025 டிசம்பர் 16 முதல் ஏ.ஐ.யிடம் பேசுவதை விளம்பரம் தேர்வதற்கும் அந்நிறுவனம் பயன்படுத்துகிறது. வாட்ஸ்அப் கணக்கை, மெட்டா கணக்குகளை ஒன்றாக இணைக்கும் அக்கவுண்ட்ஸ் சென்டரில் பேஸ்புக், இன்ஸ்டகிராமோடு இணைத்திருந்தால் அது அங்கேயும் எட்டும். இணைத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

எனக்கு இதில் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. அதாவது, அறுபது பேர் உள்ள குழுவின் இரகசியத்தை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, சரிபார்த்துக்கொண்டே இருப்பது?

வாட்ஸ்அப்பில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு: 2025 ஏப்ரலில் வந்த அட்வான்ஸ்ட் சாட் பிரைவசி. குழுவின் பெயரைத் தட்டி உள்ளே போய் அதை இயக்கினால், அரட்டையை மொத்தமாக ஏற்றுமதி செய்ய முடியாது, படங்கள் தாமாகக் கேலரியில் இறங்காது, அந்த அரட்டைக்குள் மெட்டா ஏ.ஐ.யை அழைக்கவும் முடியாது. நல்ல வசதிதான். சிக்கல் அதன் அமைப்பில் இருக்கிறது. அரட்டைக்கு அரட்டை தனித்தனியாக இயக்க வேண்டும். தைப்பூசத்துக்கென்று அவசரமாகத் திறக்கும் புதுக் குழுவில் அது அணைந்தே இருக்கும். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் அதை அணைக்கலாம். தடுக்க, குழு அனுமதிகளில் அமைப்புகளை மாற்றும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றிவைக்க வேண்டும். இந்த இரண்டாவது படியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். முதல் படியை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால், பொறுப்புக்கு வந்த புதுத் தம்பி படம் கேலரியில் வரவில்லையே என்று ஒரே தட்டில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்.

அணைத்தவர் ஒருவர், அடையாள அட்டை இன்னொருவருடையது. அரட்டைக்குள் ஏ.ஐ. கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒன்றே போதும். கேள்வி கேட்பவர் சம்மதிக்கிறார். அவர் அனுப்பும் செய்தியை எழுதிய அக்காவிடம் யாரும் கேட்பதில்லை. சிக்னலில் பொத்தானே இல்லை, ஆகவே காவல் காக்க வேண்டியதும் இல்லை. கையால் நகலெடுத்து வேறெங்கோ ஒட்டுவதை எந்தச் செயலியும் தடுக்காது, உண்மைதான். ஆனால் அதற்கு நான்கு தட்டு வேண்டும். நான்கு தட்டுக்குள் மனசு ஒருமுறையாவது யோசிக்கும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. டியூஷன் மையமும் கிளினிக்கும் அதற்குள் வரும். தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூனில் வந்தது. குடும்பக் குழுவுக்கு அந்தக் குடை விரியாது.

ஏ.ஐ. பக்கம் உண்மையில் இழுப்பது சுருக்கம்தான். காலையில் எழுந்தால் 180 செய்திகள், யார் படிப்பது? நம் ஊர்ப் பேச்சில்தான் அது தடுமாறும். ‘மெசுவாராட் சப்து பத்து மணிக்கு, ஹால் கிடைக்கலேன்னா அஹாட் லா’ (கூட்டம் சனிக்கிழமை பத்து மணிக்கு, ஹால் கிடைக்காவிட்டால் ஞாயிறு) என்று ரோமன் எழுத்தில் மலாயும் தமிழும் கலந்து வரும் வரியில் உயிர் ‘கிடைக்கலேன்னா’வில் இருக்கிறது. அது நழுவினால் ‘கூட்டம் சனிக்கிழமை 10 மணி’ என்று சுத்தமாக, தப்பாக வந்து நிற்கும். மொழிபெயர்ப்பிலும் நமக்கு இடம் பிந்தித்தான் கிடைக்கிறது: 2025 செப்டம்பரில் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் அது ஆறு மொழிகளோடு வந்தபோது இந்தி இருந்தது, தமிழும் மலாயும் இல்லை.

வாட்ஸ்அப் பக்கம் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 2025இல் மெட்டா அறிவித்த பிரைவேட் புராசசிங் முறையில், செய்திகள் சர்வரில் பூட்டிய ஒரு வன்பொருள் அறைக்குள் மட்டும் பிரிக்கப்படும், வேலை முடிந்ததும் தங்காது, மெட்டாவாலேயே எட்டிப்பார்க்க முடியாது என்பது ஏற்பாடு. வடிவமைப்பாக மதிக்கத்தக்கது. ஆனால் புதியது, வருடக்கணக்கில் அடிபட்டுத் தேறிய பொருள் அல்ல. இதில் என் தீர்ப்பு மாறலாம்.

சிக்னலின் குறைகளும் சின்னவை அல்ல. பள்ளி, கிளினிக், மோட்டார் ஒர்க்‌ஷாப் யாரும் அங்கே இல்லை. ஆகவே புலனத்தை அழிக்கச் சொல்லவில்லை. அறிவிப்பெல்லாம் அங்கேயே ஓடட்டும். பணமும் ஆவணமும் பேசும் ஏழெட்டுப் பேர் மட்டும் சிக்னலுக்கு வந்தால் போதும். காப்புப்பிரதியை இயக்காமல் கைப்பேசி தொலைந்தால் பழைய செய்தி போயே போச்சு. இலவசக் காப்பில் எழுத்தும் கடைசி 45 நாள் படங்களும் நிற்கும். அதற்குமேல் மாதம் 1.99 அமெரிக்க டாலர். 64 எழுத்துச் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தொலைத்தால் சிக்னல் நிறுவனமும் கைவிரித்துவிடும்.

செயலியில் ஏ.ஐ. இல்லாவிட்டாலும் கைப்பேசியில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்ட்ராய்டில் சிக்னல் அமைப்புகளில் பிரைவசிக்குள் போய் ஸ்கிரீன் செக்யூரிட்டியையும் (திரையைப் படமெடுப்பதைத் தடுப்பது) இன்காக்னிட்டோ கீபோர்டையும் (தட்டுவதைக் கற்றுக்கொள்ளாதே என்று விசைப்பலகையிடம் கேட்பது) இயக்குங்கள். அறிவிப்பில் பெயரும் செய்தியும் தெரியாதபடி மாற்றுங்கள். மைக்ரோசாஃப்டின் ரீகால் வசதி திரையைப் படமெடுப்பதைத் தடுக்க, விண்டோஸ் 11 பதிப்பில் 2025 மே மாதம் சிக்னலே தடுப்புப் போட்டுவிட்டது.

பள்ளியிலிருந்து வரும் இரண்டு பக்க மலாய்ச் சுற்றறிக்கையைப் புரிந்துகொள்ள ஏ.ஐ. வேண்டுமென்றால் தாராளமாக வெளியே பயன்படுத்துங்கள். அறிக்கையின் உரையை மட்டும் நகலெடுங்கள். அரட்டையின் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே ஏற்றாதீர்கள், அதில் மற்றவர்களின் பெயரும் எண்ணும் சேர்ந்தே போகும். அடையாள அட்டை எண் இருந்தால் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் மறைப்பது போதாது. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கோலாலம்பூருக்கு 14, பினாங்குக்கு 07. பன்னிரண்டையும் எடுத்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.