பூட்-ரிப்பேர்: பெரிய பொத்தானுக்கு முன் சின்னப் பொத்தான்

உபுண்டுவை நிறுவி முடித்து மறுபடி இயக்கினால் நேரே விண்டோஸ் வந்து நிற்கும். இல்லையென்றால் கருந்திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரி. (க்ரப் என்பது கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றும் பூட்லோடர்.) இந்த நிலையில் பலரும் பரிந்துரைப்பது பூட்-ரிப்பேர் என்ற கட்டற்ற மென்பொருளை. நல்ல கருவிதான், ஆனால் எல்லா நோய்க்கும் மருந்து அதில் இல்லை.

லினக்ஸ் மின்ட் லைவ் பென் டிரைவின் (கணினியில் நிறுவாமலே இயங்குவது) மெனுவிலேயே இது இருக்கிறது. உபுண்டு லைவில் இதற்கான பிபிஏ என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவ வேண்டும். இணைய இணைப்பு கட்டாயம்.

திறப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கணினியைத் தொடங்கும் புதிய முறை யுஇஎஃப்ஐ, பழைய பயாஸ் முறை லெகசி. யுஇஎஃப்ஐ முறையில் நிறுவிய லினக்ஸை, லெகசி முறையில் பூட் ஆன பென் டிரைவிலிருந்து முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஃபர்ம்வேரின் (மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்) பூட் பட்டியலில் எழுதும் வழியே அப்போது திறந்திருக்காது. லைவில் ‘சிஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஃபர்ம்வேர்’, அதற்குள் ‘இஎஃப்ஐ’ ஃபோல்டர் இருந்தால் யுஇஎஃப்ஐ முறை. இல்லையென்றால் பூட் மெனுவுக்குப் போய் (பல லேப்டாப்களில் எஃப்12, சிலவற்றில் எஃப்9), ‘யுஇஎஃப்ஐ’ என்ற சொல்லோடு அதே பென் டிரைவ் தெரியும் வரியைத் தேர்ந்தெடுத்து வாருங்கள். ‘பூட்-ரிப்பேர் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் நிறைய இங்கேதான் தொடங்குகின்றன.

உள்ளே போனதும் கண்ணில் படுவது ‘ரெகமண்டட் ரிப்பேர்’ என்ற பெரிய பொத்தான். அது பெரும்பாலும் க்ரப்பை மறுபடி நிறுவி, பூட் பட்டியலில் பதிவைச் சேர்க்கும். பொதுவான யுஇஎஃப்ஐ கோளாறுக்கு அதுவே போதும். என்றாலும் முதலில் அழுத்த வேண்டியது ‘பூட்-இன்ஃபோ சம்மரி’. கருவியின் உண்மையான மதிப்பு அது தரும் அறிக்கையில்தான் இருக்கிறது. பார்ட்டிஷன்கள், அவற்றின் தனித்த அடையாளமான யுயுஐடி எண்கள், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள கோப்புகள், எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு, பூட் வரிசை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஃபேட்32-ஆக இருக்கிறதா, அதில் ‘உபுண்டு’ ஃபோல்டரும் ஷிம் கோப்பும் (செக்யூர் பூட் என்ற கையொப்பச் சரிபார்ப்பு இயங்கும்போது க்ரப்பைத் தொடங்கித் தருவது) உள்ளனவா, எஃப்எஸ்டேப்பில் உள்ள யுயுஐடி நிஜப் பார்ட்டிஷனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து, வரிசையில் விண்டோஸ் முதலில் நின்றால் ரிப்பேரே தேவையில்லை. பயாஸ் அமைப்பில் வரிசையை மாற்றினால் முடிந்தது. ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் அட்டவணை முறை) டிஸ்கில் லெகசி முறையில் நிறுவியிருந்தால் ‘பயாஸ்-க்ரப்’ குறியிட்ட 1 எம்பி பார்ட்டிஷன் வேண்டும். அது இல்லாமல் க்ரப் உட்கார இடம் கிடைக்காது.

அட்வான்ஸ்ட் பகுதியில் இரண்டு தேர்வுகளிடம் எச்சரிக்கை தேவை. க்ரப்பை முழுக்க நீக்கி மறுபடி நிறுவும் தேர்வு இணையத்தை நம்பியது. பாதியில் இணைப்பு அறுந்தால் இருந்த க்ரப்பும் போய்விடும். விண்டோஸின் இஎஃப்ஐ கோப்புகளைப் பெயர் மாற்றும் தேர்வு, விண்டோஸ் கோப்பைத் தவிர எதையும் பூட் செய்ய மறுக்கும் பிடிவாதமான ஃபர்ம்வேருக்கு மட்டும். மற்றவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

க்ரப் மெனு வந்து, அதற்குப் பிறகு திரை கறுத்தால் பூட்லோடரைக் குறை சொல்வதில் பயனில்லை. பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான் காரணம், அதுவும் என்விடியா கார்டு என்றால். மெனுவில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். உள்ளே போனதும் சரியான டிரைவரை நிறுவுங்கள்.

‘எஸ்பேட்’ (பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட் கோப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு) சரிபார்ப்பு தோற்றது என்ற செய்தி வேறு கதை. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்பு பழைய ஷிம் கோப்புகளைத் தடுத்ததால் பல இரட்டை பூட் கணினிகளில் அது வந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் ஷிம் பொதியைப் புதுப்பித்த பிறகு மறுபடி இயக்கலாம். க்ரப் மெனுவில் விண்டோஸ் மட்டும் காணவில்லை என்றால், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் க்ரப் 2.06 முதல் இயல்பாகவே அணைக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம். க்ரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, அப்டேட்-க்ரப் கொடுங்கள்.

எதையும் மாற்றப் பயமாக இருந்தால் சூப்பர் க்ரப்2 டிஸ்க் கைவசம் இருக்கட்டும். அது டிஸ்கில் எதையும் எழுதாது. இருக்கும் இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலிட்டு, தேர்ந்தெடுத்ததை பூட் செய்யும். அதன் வழியாக லினக்ஸ் முழுதாக ஏறிவிட்டால் பழுது பூட்லோடரில் மட்டும்தான். உள்ளேயிருந்தே க்ரப்-இன்ஸ்டால், அடுத்து அப்டேட்-க்ரப். பூட்-ரிப்பேரைத் தேட வேண்டிய வேலையே இல்லை.