மூன்று அறைத் தகர முட்டைப்பெட்டி: விடைக்கோழிகள் ஏற்றுக்கொள்கின்றனவா?

முட்டையிடத் தொடங்கும் முதல் சில வாரங்களில் ஒரு கோழி எந்த இடத்தைப் பழகிக்கொள்கிறதோ, அந்த இடத்திலிருந்து அதைப் பிறகு மாற்றுவது எளிதல்ல. ஆகவே, முட்டைப்பெட்டி ஒன்றை மதிப்பிடும்போது, தகடு எவ்வளவு கனம், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவற்றைப் பார்ப்பதற்கு முன், முதல் முட்டைக்கு இடம் தேடி அலையும் விடைக்கோழி அதற்குள் தானாக நுழைந்து உட்காருகிறதா என்பதையே பார்க்க வேண்டும். எங்கள் கொட்டகையில் வளரும் கிராமப்ரியா, சிறுவிடை ஆகிய இனக் கோழிகளுக்காகப் பட்டறை ஒன்றில் வாங்கிய மூன்று அறைத் தகரப் பெட்டியை அந்த அளவுகோலைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன்.

அமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வோர் அறையும் ஓரடி அகலமும் ஓரடி ஆழமும், அதைவிடச் சற்றுக் கூடுதலான உயரமும் கொண்டது. நான்கைந்து கோழிகளுக்கு ஓர் அறை போதும் என்பதால், பன்னிரண்டு பதின்மூன்று கோழிகள் உள்ள வீட்டுக்கு இந்தப் பெட்டி சரியாக இருக்கும். மேற்கூரை சாய்வாக இருப்பதால் கோழிகள் அதன்மேல் ஏறி அடைந்து எச்சமிடுவதில்லை. ஏறி நிற்பதற்காக முன்புறம் பொருத்தியுள்ள சட்டத்தை மாலையில் மேலே மடக்கினால் வாசல் அடைபட்டுவிடும். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இளங்கோழிகள் இரவில் பெட்டிக்குள் படுத்துப் பழகினால் கூளம் எச்சத்தில் நனைந்து, காலையில் இடும் முட்டை அழுக்காகிறது என்பதோடு, அந்த இடம் முட்டையிடுவதற்கு உரியது என்ற பழக்கமும் ஏற்படாமல் போகிறது. கடைசி முட்டையை எடுத்த பிறகு மடக்கி, விடியும் முன் திறந்துவிட வேண்டும்.

அடித்தட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டை தானாகப் பின்புறத் தொட்டிக்கு உருண்டு செல்லும்படி சாய்வாக அமைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் வலைவிரிப்பைப் போட்டுத் தருகிறார்கள். முட்டை சுத்தமாகக் கிடைக்கும், கோழி கொத்திக் குடிக்காது என்பது உண்மையே. ஆனால் முதன்முறை முட்டையிடும் கோழிக்கு இந்தத் தரை பிடிப்பதில்லை. உள்ளே நுழையும் விடைக்கோழி காலால் கூளத்தைக் கிளறிப் பார்க்கிறது. உடலைச் சுற்றிச் சுற்றித் திருப்பி நெஞ்சால் அழுத்திக் குழி செய்கிறது. அருகிலுள்ள வைக்கோலை அலகால் எடுத்து முதுகின்மேல் போட்டுக்கொள்கிறது. வழுக்கும் வலைமேல் இவற்றில் எதையும் செய்ய முடியாததால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வெளியேறி, கொட்டகை மூலையிலோ வைக்கோல் போரின் அடியிலோ போய் முட்டையிடுகிறது. அங்கே அதைக் கீரியோ சாரைப்பாம்போ முந்திக்கொள்கிறது. நல்லவேளையாக, இந்தத் தட்டைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினால் சமதரையாகிவிடும். அதன்மேல் நான்கு விரற்கடைக்கு உமியும், அதற்கு மேல் வைக்கோலும் பரப்பியதும் கோழிகள் உள்ளே தங்கத் தொடங்கின. இந்த வசதியைப் பட்டறைக்காரர் எடுத்துச் சொல்வதில்லை. வாங்குவோர் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை வெளிச்சம். காற்றோட்டத்துக்காகப் பின்தகட்டில் இட்ட துளைகள் கோழியின் கண்மட்டத்தில் இருப்பதால், கிழக்குப் பக்கம் பின்புறம் வரும்படி வைத்தால் முட்டையிடும் காலை நேரத்திலேயே வெயில் உள்ளே விழுகிறது. கோழி தேடுவது மறைவையும் இருட்டையும். வடக்குச் சுவரை ஒட்டி வைத்து, வாசலின் மேற்பாதியில் சாக்குத் துணியைத் தொங்கவிட்ட பிறகுதான் மூன்று அறைகளும் ஒரே அளவில் பயன்பட்டன. கோடையில் தகரம் சூடேறும் என்பதால், எப்படியும் நிழலில்தான் வைக்க வேண்டும்.

உடன் தரும் பிளாஸ்டிக் முட்டைகள் பயனற்றவை. எடையே இல்லாததால், கோழி கிளறும்போது அவை வெளியே வந்து விழுகின்றன. முட்டையிடும் இடம் இதுதான் என்று கோழிக்குக் காட்டக் கூடையில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டுவைக்கும் நம் ஊர் வழக்கத்தின் நோக்கம் இதனால் நிறைவேறுவதில்லை. கடைந்தெடுத்த மரமுட்டையோ, முட்டை அளவுள்ள வெள்ளைக் கூழாங்கல்லோ அறைக்கு ஒன்று வைத்தால் போதும்.

பெட்டியை எப்போது வைப்பது என்பதும் முக்கியம். முட்டையினக் கோழிகள் 18 வாரம் முதலும், நாட்டுக்கோழிகள் 24 வாரத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ முட்டையிடத் தொடங்கும். முட்டையிடப்போவதன் அறிகுறியாகக் கொண்டை சிவந்து, நாம் அருகில் சென்றால் பதுங்கி உட்காரத் தொடங்கும் முன்பே, இரண்டு வாரமாவது பெட்டி கொட்டகைக்குள் இருக்க வேண்டும். பெட்டி தரையிலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை உயரத்தில் இருக்கலாம். ஆனால் அடையும் கட்டைகளைவிடத் தாழ்வாக இருப்பது கட்டாயம். குஞ்சுப் பருவத்தில் கட்டையேறிப் பழகாத கோழிகளுக்கு முதலில் தரையிலேயே வைத்து, பழகிய பின் உயர்த்துவது நல்லது. பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே முட்டையிடுவதால், முதல் சில வாரங்கள் பத்து மணிக்குப் பிறகு மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டால் வெளியில் முட்டை தேடும் வேலை பெருமளவு குறையும்.

இதே அளவு மரப்பெட்டியைவிட விலை கூடுதல். எனினும், பகலில் மரச் சந்துகளுக்குள் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும் செல் என்ற சிறு பூச்சிக்குத் தகரத்தில் மறைவிடம் குறைவு. தட்டைக் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, வேப்பிலையோ நொச்சியிலையோ பரப்பிப் புதுக்கூளம் போடுவது சிறிது நேர வேலைதான். இதற்காகவே கூடுதல் விலையைத் தரலாம் என்பது என் கருத்து. வாங்கியவுடன் தட்டின் பின்மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். எங்களுக்கு வந்த பெட்டியில் ஒரு மூலையில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கோழியின் பாதத்தைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருந்ததால், அரம் கொண்டு தேய்த்த பிறகே பெட்டியை உள்ளே வைத்தோம்.